தைத்து முடித்த குயில்ட்டுக்கு ஓரப்பட்டி: தனித் துணியா, அடித்துணியையே மடிப்பதா?

கேள்வி, ஜனவரி 6

அக்கா, பாட்டியின் சுங்குடிப் புடவைகளை வெட்டி 60க்கு 80 அங்குலத்தில் ஒரு குயில்ட், அதாவது துண்டுத்துணிகளை இணைத்த பஞ்சுப் போர்வை, தைத்துவிட்டேன். உள்ளே மெல்லிய பருத்திப் பஞ்சு. மூன்று அடுக்கையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்டாயிற்று. அடித்துணி நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதையே மேல்பக்கம் மடித்து இயந்திரத்தில் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. விளிம்பைச் சுற்றி மூடத் தனியாகப் பட்டி வெட்டி, இணைத்து, கையால் தைப்பதெல்லாம் வெறும் அலங்காரம் என்றே தோன்றுகிறது. சரிதானே?

ஜனவரி 6, இரவு

சரியில்லை. அலங்காரம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள்.

வீட்டில் இருக்கிற பழைய போர்வை எதையாவது எடுத்துப் பாருங்கள். நடுப்பகுதி நிறம் மங்கியிருக்கும், ஆனால் நூல் பிரிந்து தொங்குவது ஓரத்தில்தான். அதிலும் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொள்ளும் பக்கம் மற்ற மூன்றுக்கும் முன்னால் போய்விடும். கை படுவது, கட்டில் சட்டத்தில் உரசுவது, துவைக்கும்போது அடி வாங்குவது எல்லாமே விளிம்புதான்.

அடித்துணியை மடித்தால் அந்த விளிம்பில் நிற்பது ஒற்றைத் துணி. அது தேய்ந்தால் தேய்வது உங்கள் அடித்துணி. அதை மாற்ற வேண்டுமென்றால் உள்ளே போட்ட தையல் முழுவதையும் பிரிக்க வேண்டும். தனிப்பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தைத்தால் விளிம்பில் இரண்டு துணி நிற்கும். பட்டி கிழிந்தாலும் போர்வை கிழியாது. பாட்டியின் புடவை இனி கிடைக்காது; ஓரப்பட்டித் துணி எந்தக் கடையிலும் கிடைக்கும். தேய வேண்டியது எது என்று இப்போதே நீங்கள் முடிவு செய்துவிடலாம்.

ஜனவரி 7, காலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இன்னொருவர், "அப்படியானால் உடனே ஓரத்தை வெட்டிச் சமப்படுத்திவிடலாமா" என்று கேட்டிருக்கிறார். கத்தரியை எடுக்கும் முன் அளவு எடுங்கள்.

போர்வையைத் தரையில் தட்டையாக விரித்து, அகலத்தை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: மேல் விளிம்பில், நடுவில், கீழ் விளிம்பில். நீளத்துக்கும் அப்படியே. நடுவில் 60 இருந்து விளிம்பில் 61 வந்தால் ஓரம் இழுபட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையிலேயே பட்டி தைத்தால் ஓரம் அலை அலையாக நிற்கும், எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் படியாது. விளிம்பை ஒட்டி, கால் அங்குலத்துக்குள் அடங்கும்படி கையால் ஒரு நீண்ட ஓட்டுத் தையல் போட்டு, நூலை மெல்ல இழுத்து 60க்குக் கொண்டுவாருங்கள். சுருக்கம் கண்ணுக்குத் தெரியக் கூடாது, அளவு மட்டும் குறைய வேண்டும். பருத்திப் பஞ்சு இதற்கு நன்றாக இணங்கும்.

பிறகுதான் வெட்டு. நான்கு மூலையும் மூலைமட்டத்துக்கு 90 டிகிரி நிற்க வேண்டும். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் ஒரே கோட்டில் முடிய வேண்டும். பஞ்சு ஒரு நூல்கூட உள்ளே தள்ளி நிற்கக் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜனவரி 7, மாலை

துணிக் கணக்கு கேட்டிருந்தீர்கள். சுற்றளவு 280 அங்குலம். மூலை மடிப்புக்கும் கடைசி இணைப்புக்கும் 12 சேர்த்தால் 292. கடையில் 44 அங்குல அகலத்தில் கிடைக்கும் துணியில் கரையை நீக்கினால் 42 தேறும். பட்டிகளைச் சாய்வாக இணைப்பதில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஏறத்தாழ பட்டியின் அகலமே போய்விடும். ஏழு பட்டி போதாது, எட்டு வேண்டும். பட்டி அகலம் 2.5 அங்குலம் என்றால் எட்டுக்கு 20 அங்குலம், அரை மீட்டரைச் சற்றே தாண்டும். முனை கோணலாக இருக்கும் என்பதால் 60 சென்டிமீட்டர் வாங்குங்கள்.

உங்கள் பஞ்சு மெல்லியது என்பதால் 2.25 அங்குலமே போதும் என்பது என் எண்ணம். 2.5 அகலப் பட்டி கனமான பஞ்சுக்கு. மெல்லிய போர்வையில் அதைப் போட்டால் பின்பக்கம் பட்டி அகன்று தெரியும்.

பட்டிகளை நேருக்கு நேர் வைத்து இணைக்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றைச் செங்குத்தாக வைத்து, மூலைக்கு மூலை சாய்வாகத் தைத்து, கால் அங்குலம் விட்டு வெட்டி, தையலை இருபுறமும் விரித்து இஸ்திரி போடுங்கள். நேர் இணைப்பாக இருந்தால் மடித்த பிறகு அத்தனை துணியும் ஒரே இடத்தில் குவிந்து, ஓரத்தில் முடிச்சுபோல் தட்டுப்படும்.

ஜனவரி 9

பட்டியைக் கிராஸாக, அதாவது துணியின் குறுக்கே சாய்வாக வெட்டுவதா, நேராக வெட்டுவதா? இதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. பிளவுஸ் கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வெட்டிப் பழகிய கை, போர்வைக்கும் கிராஸ் வெட்டத்தான் நினைக்கும்.

வளைவு இருந்தால் கிராஸ் கட்டாயம். வட்ட வட்டமாகப் பின்னிய திருமண மோதிர வடிவக் குயில்ட், அலை விளிம்புக் குயில்ட் ஆகியவற்றில் நேர்ப்பட்டி வளையவே வளையாது. உங்களுடையது நேரான நான்கு பக்கம். அகலவாக்கில், அதாவது ஊடை நூலோடு வெட்டிய நேர்ப்பட்டி போதும். அதில் கொஞ்சம் நெகிழ்வு உண்டு, தைக்கும் கைக்கும் அடங்கும்.

பாவு நூலோடு, துணியின் நீளவாக்கில் மட்டும் வெட்டாதீர்கள். அந்தப் பக்கம் நெகிழ்வு மிகக் குறைவு. மடிப்பு விளிம்பில் ஒரே நூல் பல அங்குலம் ஓடும். அந்த நூல் தேய்ந்து அறுந்தால் பட்டி கீறல் விழுந்தது போலப் பிளந்துவிடும். கிராஸ் பட்டியில் நூல்கள் விளிம்பைச் சாய்வாகக் கடந்து போகின்றன. ஒன்று அறுந்தாலும் சேதம் அந்த இடத்தோடு நிற்கும்.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை யோசித்தபோது ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. நேர்ப்பட்டி "போதும்" என்றேன், போதும்தான். ஆனால் தினமும் படுக்கையில் கிடந்து, வாரம் ஒரு முறை துவைக்கப்போகும் போர்வையானால், பக்கம் நேராக இருந்தாலும் நான் கிராஸ்தான் போடுவேன். கூடுதல் துணியும் ஒரு மாலை நேரமும்தான் செலவு.

கிராஸுக்குச் சதுரக் கணக்கு எளிது. 292-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 730. அதன் வர்க்கமூலம் 27. இணைப்புக்கும் விட வேண்டும் என்பதால் 30 அங்குலச் சதுரம் ஒன்று எடுத்துக்கொண்டால் தாராளம். கிராஸ் வெட்டிய பட்டியை இஸ்திரிப் பெட்டியால் இழுத்துத் தேய்க்காதீர்கள், நீண்டுவிடும். வைத்து எடுங்கள்.

ஜனவரி 10

சாயம். சுங்குடியோடு அடர்சிவப்புப் பட்டி போடப்போகிறேன் என்கிறீர்கள். தைக்கும் முன் பட்டித் துணியைத் தனியாகத் துவைத்து, ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் சிவப்பு இறங்கினால் மறுபடி துவையுங்கள். இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தத் துணி வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. துவைப்பதில் இன்னொரு பலன், பட்டி சுருங்க வேண்டியதை முன்கூட்டியே சுருங்கிவிடும்.

ஜனவரி 12

இப்போது தைப்பது. நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, நல்ல பக்கம் வெளியே தெரிய இஸ்திரி போட்டாயிற்று. அதன் இரண்டு வெட்டு விளிம்பும் போர்வையின் வெட்டு விளிம்போடு சேரும்படி மேல்பக்கத்தில் வையுங்கள். தொடங்குவது ஒரு பக்கத்தின் நடுவில், மூலையில் அல்ல. முதல் எட்டுப் பத்து அங்குலப் பட்டியைத் தைக்காமல் வாலாக விட்டுவிடுங்கள். கால் அங்குலத் தையல். இயந்திரத்தில் மாட்டும் வாக்கிங் ஃபுட் என்ற தனிப் பாதம் இருந்தால் போடுங்கள். சாதாரண இயந்திரத்தில் கீழே உள்ள பற்கள் அடித்துணியை மட்டும் இழுத்துச் செல்ல, மேல்துணி பின்தங்கும். வாக்கிங் ஃபுட் மேலிருந்தும் இழுத்துக்கொடுக்கும். அது இல்லையென்றால் ஊசியின் வேகத்தைக் குறைத்து, நெருக்கமாகக் குண்டூசி குத்திக்கொண்டு தைக்கலாம். பட்டியை இழுத்துப் பிடிக்காதீர்கள், அது தானாகப் போகட்டும். போர்வையின் கனம் மேசையைவிட்டுக் கீழே தொங்கினாலும் விளிம்பு இழுபடும். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதன்மேல் ஏற்றிவையுங்கள்.

மூலை. விளிம்புக்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்துங்கள். ஊசி துணிக்குள் இறங்கியே இருக்கட்டும். போர்வையைச் சற்றுத் திருப்பி, மூலை நுனியை நோக்கிச் சாய்வாகத் தைத்து வெளியே வந்துவிடுங்கள். நூலை வெட்டிப் போர்வையை எடுத்து, அடுத்த பக்கம் உங்கள் முன் வரும்படி வையுங்கள். இப்போது பட்டியை மேலே தூக்கி மடியுங்கள். அடுத்து தைக்கப்போகும் பக்கத்தின் விளிம்பும் பட்டியின் விளிம்பும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நீங்கள் போட்ட அந்தச் சிறிய சாய்தையலின் மேலேயே 45 டிகிரி மடிப்பு ஒன்று தானாக விழும். அதை விரல் நுனியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பட்டியைத் திரும்பக் கீழே இறக்குங்கள். இரண்டாவது மடிப்பின் தலை, தைத்து முடித்த பக்கத்தின் விளிம்புக்குச் சரியாகச் சமமாக நிற்க வேண்டும். மேலே நீட்டினால் மூலை தளர்ந்து காது முளைக்கும், கீழே இறங்கினால் மழுங்கிப்போகும். சமமாக நிற்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். படி தட்டுப்படக் கூடாது. பிறகு அந்தத் தலையிலிருந்தே அடுத்த தையலைத் தொடங்குங்கள்.

ஜனவரி 12, பின்குறிப்பு

கடைசி இணைப்பை எழுதாமல் விட்டுவிட்டு ஓட முடியாது, நிறையப் பேர் தடுமாறும் இடம் அதுதான்.

தொடங்கிய இடத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் முன்னால் தையலை நிறுத்துங்கள். இரண்டு வாலையும் போர்வையின் மேல் படுக்கவைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் அளவு பட்டியின் வெட்டு அகலத்துக்குச் சமமாக இருக்கும்படி வெட்டுங்கள். 2.25 அகலப் பட்டி என்றால் 2.25 அங்குலம் மேலேற வேண்டும், ஒரு நூல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பட்டியின் ஒரு துண்டையே மேலே வைத்து அளந்தால் அளவுகோலே தேவையில்லை. பிறகு இரண்டு முனையையும் விரித்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கச் செங்குத்தாக வைத்து, சாய்வாகக் குண்டூசி குத்துங்கள். தைக்கும் முன் பட்டியை இறக்கிப் பாருங்கள். முறுக்கில்லாமல் போர்வையில் தட்டையாகப் படிந்தால் தையுங்கள். மறுபடி இறக்கிப் பாருங்கள். அதன் பிறகே மிச்சத்தை வெட்டுங்கள். விட்ட இடைவெளியைத் தைத்து மூடி, பட்டியை விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் மடித்தால், அங்கே தைப்பது மட்டும்தான் பாக்கி.

ஜனவரி 15

"எல்லாம் சரி, பின்பக்கமும் இயந்திரத்தில் அடித்தால் என்ன குறைந்துவிடும்" என்று ஒருவர் சற்றுக் கோபமாகவே கேட்டிருக்கிறார்.

குறையாது. குழந்தைக்கான போர்வை என்றால் நானே இயந்திரத்தில்தான் முடிப்பேன். அது நாளும் பொழுதும் நனையும், துவைபடும், இழுபடும். அதற்கு இயந்திரத் தையலின் பலம் வேண்டும். ஆனால் அதற்கு முறை வேறு. பட்டியை முதலில் அடித்துணிப் பக்கம் தைத்து, மேல்பக்கத்துக்கு மடித்துக் கொண்டுவந்து, மடிப்பின் விளிம்பை ஒட்டி மேலிருந்து அடிக்க வேண்டும். கண் பார்க்கும் பக்கத்தில் தையல் நேராக விழும்.

பாட்டியின் புடவைக்கு நான் கையைத்தான் சொல்வேன். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் அதே கைதான்: மேலே ஒரு நூல் அளவு மட்டும் குத்தி எடுத்து, ஊசியை மடிப்புக்குள் ஓடவிட்டு, எட்டில் ஒரு அங்குலம் தள்ளி மறுபடி வெளியே எடுப்பது. ஊசி அடித்துணியையும் கொஞ்சம் பஞ்சையும் பிடிக்கட்டும், மேல்துணிக்கு வந்துவிடக் கூடாது. நூலின் நிறம் பட்டியோடு ஒத்துப்போக வேண்டும், அடித்துணியோடு அல்ல. மடிப்பு விளிம்பு, இயந்திரத் தையல் கோட்டை மூடி ஒரு நூல் தாண்டி நிற்கட்டும். மூலைக்கு வந்ததும், முன்பக்கம் மடிப்பு எந்தத் திசையில் விழுந்ததோ அதற்கு எதிர்த்திசையில் பின்பக்கம் மடியுங்கள். துணி ஒரே பக்கம் குவியாது. அந்தச் சாய்மடிப்பின் வாயையும் முன்னும் பின்னும் நாலைந்து சிறு தையலால் மூடிவிடுங்கள்.

பஞ்சு விளிம்புவரை வர வேண்டும் என்று முன்பு சொன்னேனே, காரணம் இது: பட்டிக்குள் பஞ்சு நிறைந்திருந்தால்தான் விளிம்பு உருண்டு நிற்கும். வெற்றுப் பட்டி தட்டையாக மடிந்து, மடிப்பிலேயே தேய்ந்துபோகும். குயில்ட் போட்டிகளில் நடுவர்கள் ஓரத்தை இரண்டு விரலால் நெருடிக்கொண்டே போவது இதைத்தான் தேடி. நீங்களும் அப்படி நெருடிப் பாருங்கள்.

ஜனவரி 19

ஓரப்பட்டியே இல்லாத குயில்ட் ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், விவாதம் அந்தப் பக்கம் திரும்பியதில் மகிழ்ச்சி.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் பழைய துணிகளில் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். நாமெல்லாம் நடுவைத் தைத்துவிட்டு ஓரத்துக்கு வருகிறோம். அவர்கள் ஓரத்தில் தொடங்குகிறார்கள். ஒரு மூலையில் துண்டை வைத்து, விளிம்பை மடித்து, ஓட்டுத் தையலில் பக்கம் பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகிறார்கள். அடுத்த துண்டு முந்தையதின் விளிம்பை மூடிக்கொண்டே வரும். நடுவுக்கு வந்து சேரும்போது வேலை முடிந்துவிடும், ஓரம் என்று தனியாக ஒன்று மிச்சமே இருக்காது. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைத்துத் தைப்பார்கள். ஃபூலா, பூ என்று பொருள். அது இல்லாத கவந்தி அவர்களுக்கு முழுமையானது அல்ல.

ஓரத்தைக் கடைசி வேலையாக நினைத்துக்கொண்டு அவசரப்படும் ஒவ்வொருவரும் ஒரு கவந்தியையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்து நான் தைக்க இருப்பது அந்த முறையில்தான்.

ஜனவரி 20

கவந்தியைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்ட வாசகியே வந்திருக்கிறார்: "அங்கே தனிப்பட்டி இல்லாமல் நிற்கிறதே, அப்படியானால் என் முதல் யோசனையும் சரிதானே?"

நல்ல கேள்வி, விடாமல் பிடித்திருக்கிறீர்கள். வேறுபாடு எங்கே என்றால், கவந்தியில் விளிம்பை ஒட்டி நெருக்கமான கைத்தையல் வரிசை வரிசையாக ஓடுகிறது. விளிம்பே போர்வையின் மிக உறுதியான பகுதியாகிவிடுகிறது. நீங்கள் சொல்வது ஒற்றைத் துணியை மடித்து ஒரே ஒரு தையல்.

ஆனாலும் அன்று நான் எழுதியது கொஞ்சம் கடுமைதான் என்று இப்போது தோன்றுகிறது. சுவரில் மாட்டும் சிறு குயில்ட், மேசை விரிப்பு, கை படாத பொருள் எதற்கும் அடித்துணியை மடிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய அமெரிக்க வீட்டுப் போர்வைகள் பலவும் அப்படித்தான் முடிக்கப்பட்டன. துணி வாங்கக் காசில்லாத வீட்டில் எட்டுப் பட்டிக்குத் துணி எங்கே போவார்கள்? அவர்கள் போர்வையும் உடம்பைச் சூடாகத்தான் வைத்தது. படுக்கைக்கு, அதுவும் மாற்றுத் துணி கிடைக்காத புடவைகளுக்கு என்பதால்தான் உங்களிடம் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

ஜனவரி 26

ஓரம் சுமை தாங்குவதைப் பற்றி ஒரு செய்தி. எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களின் நினைவாக அமெரிக்காவில் தைக்கப்பட்ட நினைவுக் குயில்ட்டின் ஒவ்வொரு பலகமும், அதாவது இறந்தவரின் பெயர் தாங்கிய துணிப் பகுதியும், 3 அடிக்கு 6 அடி. எட்டுப் பலகங்களைச் சேர்த்து 12 அடிச் சதுரமாக்குகிறார்கள். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் நேஷனல் மாலில் முதன்முதலாக விரித்தபோது 1,920 பலகங்கள் இருந்தன. பலகத்துக்குள் பட்டு, டெனிம், கரடிப் பொம்மை என்று என்னவெல்லாமோ இருக்கும், அன்புக்குரியவர்கள் தைத்தது. ஆனால் சதுரத்தைச் சுற்றி வருவது முரட்டு கேன்வாஸ் ஓரம், அதில் உலோக வளையத் துளைகள். எத்தனை முறை விரித்தாலும், தூக்கினாலும், மாட்டினாலும் இழுப்பு முழுவதும் அந்த ஓரத்தில் விழுகிறது. உள்ளே இருப்பவர்களின் பெயர்கள் கிழியாமல் இருக்கின்றன.

பிப்ரவரி 2

முதல் குறிப்பில், பட்டி கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர், தம் வீட்டில் இருக்கும் மிகப் பழைய குயில்ட்டின் ஓரத்தைப் பிரிக்கத் தயாராகிவிட்டார். தயவுசெய்து நிறுத்துங்கள்.

தினமும் உபயோகிக்கும் போர்வைக்குச் சொன்னது அது. வயதான குயில்ட்டில் ஓரப்பட்டியும் சான்று. எந்தத் துணி, எந்தத் தையல், கையா இயந்திரமா என்பதெல்லாம் அது எந்தக் காலத்தது என்று சொல்லும். பிரித்து எறிந்துவிட்டால் திரும்ப வராது. அருங்காட்சியகத்தில் பாதுகாப்பவர்கள் கிழிந்த ஓரத்தின் மேல் மெல்லிய வலைத்துணியைப் போர்த்தி, பழைய பட்டியை அப்படியே விட்டுவைப்பார்கள். வீட்டிலும் அதைச் செய்யலாம். உபயோகத்தில் இருக்கும் போர்வைக்குக்கூட, பழைய பட்டியைப் பிரிக்காமல் அதை மூடும் அளவு அகலமான புதுப்பட்டியை மேலே தைத்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. வெட்டினால் போர்வை ஒவ்வொரு முறையும் அரை அங்குலம் சுருங்கிக்கொண்டே போகும்.

பிப்ரவரி 3

கடைசியாக வந்த கேள்வி: சுங்குடிப் புடவையின் கரையையே ஓரப்பட்டியாகப் போடலாமா?

மனம் அங்கேதான் போகும், எனக்கும் போனது. ஆனால் கரை பாவு நூலோடு, நீளவாக்கில் ஓடுவது. ஜனவரி 9 குறிப்பில் வேண்டாம் என்று சொன்ன அதே திசை. சரிகை இருந்தால் கழுத்தில் உராயும், மடிப்பில் முறியும். அதோடு பாட்டி உடுத்தி உடுத்தி நைந்த துணியை, அதிகம் தேயும் இடத்தில் வைப்பது அந்தப் புடவைக்கு நல்லதல்ல. கரையை மேல்துணியிலேயே, விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வரிசையாக வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அடுத்த போர்வைக்கு. பட்டிக்குப் புதுத் துணி, நெருக்கமான நெசவுள்ள பருத்தி. பிளவுஸுக்கு வாங்கும் டூ பை டூ துணியில் எல்லா நிறமும் கிடைக்கும், ஆனால் கொஞ்சம் மெல்லியது. அதைவிடச் சற்றுக் கனமான பாப்ளின் கிடைத்தால் அதையே எடுங்கள்.

சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால், பின்பக்கத்துக்குப் பட்டியை மடிக்கும் முன்பே மேல் விளிம்பில் குச்சி நுழைக்கும் உறையை வைத்துத் தைத்துவிடுங்கள். ஒன்பது அங்குல அகலத் துணியை இரண்டாக மடித்து, அதன் வெட்டு விளிம்பைப் பட்டித் தையலுக்குள் அடக்கிவிட்டால், அடிப்பக்கத்தை மட்டும் கையால் தைத்தால் போதும்.